அத்தியாயம் 5: எல்லாப் பிள்ளைக்கும் இடமுள்ள வகுப்பு

(தரம் 1 முதல் தரம் 5 வரை கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு)

மட்டக்களப்பு வாவி ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து கல்முனைப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது. அதன் இரு கரைகளிலும் சைவர், கத்தோலிக்கர், மெதடிஸ்தர், முஸ்லிம்கள், பறங்கியர் எல்லோரும் அடுத்தடுத்த ஊர்களில் வாழ்கிறார்கள். வடக்கே வாகரைப் பக்கத்தில் வேடர் குடும்பங்கள் இருக்கின்றன. ஊர்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் பாடசாலைகள் பெரும்பாலும் தமிழ்ப் பாடசாலை, முஸ்லிம் பாடசாலை என்று பிரிந்தே நடக்கின்றன. ஆகவே உங்கள் வகுப்பு இரண்டில் ஒன்றாக இருக்கும். ஒன்று, பல சமூகப் பிள்ளைகள் கலந்திருக்கும் நகரப்புற வகுப்பு. மற்றது, ஒரே சமூகப் பிள்ளைகள் மட்டும் இருக்கும் வகுப்பு. இந்த அத்தியாயம் இரண்டுக்கும் உரியது. ஒரே சமூக வகுப்பிலும் வெள்ளாமைக் குடும்பப் பிள்ளை, மீன்பிடிக் குடும்பப் பிள்ளை, அம்மா வெளிநாட்டில் வேலை செய்யும் பிள்ளை, ஊரார் ஒதுக்கிவைத்த சாதிப் பிள்ளை என்று வேறுபாடுகள் இருக்கத்தான் செய்யும்.

மனதில் வைக்க வேண்டிய கருத்து ஒன்றே ஒன்று. "இது என்னுடைய வகுப்பு" என்ற எண்ணம் பிள்ளைக்குத் தினசரி வேலைகளால்தான் உண்டாகும். பெயர் கூப்பிடும் விதம், இருக்கை, சாப்பாட்டு நேரம், துப்புரவு முறை, சண்டை தீர்க்கும் முறை ஆகியவைதான் அந்த வேலைகள். இவற்றைச் சரிசெய்யப் பணம் தேவையில்லை, ஒழுங்கு தேவை.

சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. இனம், சமயம், மொழி, சாதி, பால் போன்றவற்றின் பேரில் பாரபட்சம் காட்டக் கூடாது என்று அரசியலமைப்பின் 12(2) ஆம் உறுப்புரை சொல்கிறது. சிறுபான்மைப் பிள்ளை தன் பண்பாட்டையும் சமயத்தையும் மொழியையும் கைக்கொள்ளும் உரிமையைச் சிறுவர் உரிமைகள் சமவாயம் உறுதிசெய்கிறது. இலங்கை அதை 1991 இல் ஏற்றுக்கொண்டது. யாரேனும் கேள்வி கேட்டால் இந்த இரண்டையும் சொல்லுங்கள்.

1. தவணை தொடங்குமுன்: பிள்ளையை அறிதல்

தவணை தொடங்குவதற்கு முந்திய வாரத்தில் இந்த வேலைகளை வரிசையாகச் செய்யுங்கள்.

1. வரவு இடாப்பை உரத்து வாசித்துப் பாருங்கள். நாக்கு தடுமாறும் பெயர்களுக்குப் பென்சிலால் அடையாளம் போடுங்கள். முதல் நாளில் அந்தப் பெயரைப் பிள்ளையிடமோ கொண்டுவந்து விடுபவரிடமோ கேட்டு அவர்கள் சொல்கிறபடியே சொல்லுங்கள்.

2. கூப்பிடும் பெயரைத் தனி நிரலில் எழுதுங்கள். ஒரு வகுப்பில் மூன்று பையன்களின் பெயர் "முகம்மது" என்று தொடங்கலாம். நான்கு பெண்பிள்ளைகளின் பெயர் "பாத்திமா" என்று தொடங்கலாம். முதற் சொல்லை மட்டும் கூப்பிட்டால் நான்கு பிள்ளைகளும் ஒருசேரத் திரும்பிப் பார்ப்பார்கள். எவருக்கும் அது தன் பெயராக இராது. வீட்டில் அந்தப் பிள்ளை றிஸ்னா என்றோ சஹ்லா என்றோ அழைக்கப்படும். தமிழ்ப் பிள்ளைகளின் பெயரில் முன்னால் வருவது தகப்பன் பெயரின் முதலெழுத்து. பறங்கியர் வீட்டுப் பிள்ளைக்குக் குடும்பப் பெயர் பின்னால் வரும். இடாப்பு நிரப்பும்போது இந்த ஒழுங்கைக் குழப்பாதீர்கள்.

3. பெற்றோரிடம் நான்கு கேள்வி கேளுங்கள். பிள்ளையை வீட்டில் எப்படிக் கூப்பிடுவீர்கள்? பிள்ளை சாப்பிடாதது, உடம்புக்கு ஒத்துக்கொள்ளாதது என்ன? வீட்டில் விசேடமான நாட்கள் எவை? பிள்ளை பயப்படும் சத்தமோ இடமோ நாளோ உண்டா? கடைசிக் கேள்விக்கு "உண்டு" என்று சொன்னால் "ஏன்" என்று கிளறாமல் குறித்துக்கொள்ளுங்கள்.

4. வளர்ப்பவர் யார் என்று கேளுங்கள். தாய் மத்திய கிழக்கில் வேலை செய்ய, அம்மம்மாவோ சித்தியோ வளர்க்கும் பிள்ளைகள் இந்த மாவட்டத்தில் பலர். கூட்டத்துக்கு அழைக்கும் கடிதத்தில் "பெற்றோர்/பாதுகாவலர்" என்றே எழுதுங்கள்.

கவனம்: இந்தக் குறிப்புகளைப் பூட்டிய அலுமாரியில் வையுங்கள். சாதியையும், யுத்தத்தில் குடும்பத்துக்கு நேர்ந்ததையும் எழுதவே வேண்டாம். அந்தக் கொப்பி வேறு கைக்குப் போனால் பாதிக்கப்படுவது பிள்ளைதான்.

2. முதல் வாரம்: இருக்கை, சுவர், முறை

1. குழுவாக இருத்துங்கள். ஒவ்வொரு மேசையிலும் நான்கைந்து பிள்ளைகள். ஒரே ஊர், ஒரே சமயம், ஒரே உறவு என்று முழு மேசையும் அமையாமல் கலந்து இருத்துங்கள். அதேநேரம், வகுப்பில் இரண்டே இரண்டு முஸ்லிம் பிள்ளைகள் இருந்தால் இருவரையும் பிரித்து வெவ்வேறு மூலையில் இருத்த வேண்டாம். தெரிந்த ஒரு முகம் பக்கத்தில் இருக்கட்டும்.

2. மாதத்துக்கு ஒருமுறை இடம் மாற்றுங்கள். சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். யார் யாரோடு இருப்பது என்று பெற்றோர் வந்து கேட்டால், "எல்லோருக்கும் ஒரே சீட்டுத்தான்" என்று பதில் சொல்லுங்கள்.

3. துப்புரவு முறையை எழுதி ஒட்டுங்கள். வகுப்புக் கூட்டுதல், தண்ணீர் எடுத்தல், மலசலகூடத்துக்கு வாளி கொண்டுபோதல் ஆகிய மூன்றும் எல்லாப் பிள்ளைக்கும் முறைப்படி வர வேண்டும். துப்புரவுத் தொழில் செய்யும் குடும்பத்துப் பிள்ளையிடமே விளக்குமாறு அடிக்கடி போய்ச் சேருகிறதா என்று கவனியுங்கள். பல வகுப்புகளில் யாரும் திட்டமிடாமலே இது நடக்கிறது. எழுதி ஒட்டிய முறை அதைத் தடுக்கும்.

4. குடிதண்ணீர். எல்லோரும் ஒரே குடத்திலிருந்து, ஆளுக்கொரு கோப்பையில் குடிக்கட்டும். "அவன் தொட்ட குடம்" என்ற பேச்சு எழுந்தால் அன்று நீங்களே எல்லோர் முன்னிலையிலும் அந்தக் குடத்திலிருந்து தண்ணீர் எடுத்துக் குடியுங்கள். விளக்கவுரை தேவையில்லை.

5. சுவரைப் பாருங்கள். நுழைந்ததும் கண்ணில் படும் படங்கள் ஒரு சமயத்துக்குரியவையாக மட்டும் இருந்தால் மற்றப் பிள்ளை தன்னை விருந்தாளியாக நினைக்கும். சுவரின் பெரும்பகுதியைப் பிள்ளைகளின் வேலைக்கு விடுங்கள்: அவர்கள் வரைந்த வீடு, வள்ளம், வயல், கடைத்தெரு.

குறிப்பு: பொது இடங்களின் படங்களைத் தெரிவுசெய்யும்போது எல்லா வகையும் இருக்கட்டும். கொக்கட்டிச்சோலை தான்தோன்றீஸ்வரர் கோயில் இருந்தால் காத்தான்குடிப் பள்ளிவாசலும் புளியந்தீவுத் தேவாலயமும் இருக்கட்டும். பாலமீன்மடு வெளிச்சவீடு, கல்லடிப் பாலம் போன்ற எல்லோருக்கும் பொதுவான இடங்கள் இவற்றைவிட அதிகமாக இருக்கட்டும்.

3. வீட்டுச் சொல்லும் பாடநூற் சொல்லும்

தரம் 2 இல் "எனது குடும்பம்" பாடம். ஒரு பிள்ளை கொப்பியில் வாப்பா, உம்மா, காக்கா, ராத்தா என்று எழுதி, ஒவ்வொருவருக்கும் ஒரு சின்ன முகமும் வரைந்திருக்கிறது. ஆசிரியர் சிவப்புப் பேனாவால் நான்கு சொல்லையும் வெட்டி, மேலே அப்பா, அம்மா, அண்ணன், அக்கா என்று எழுதிவிடுகிறார். பாடநூலின்படி அது திருத்தம்தான். பிள்ளையின் கண்ணுக்கோ, தன் வீட்டு மனிதர் நால்வரையும் ரீச்சர் வெட்டிவிட்டார். மறுநாளிலிருந்து அது வாயைத் திறக்காது.

இப்படிச் செய்யுங்கள்:

1. கரும்பலகையை மூன்று நிரலாகப் பிரியுங்கள். முதலாவதில் படம், இரண்டாவதில் "எங்கள் வீட்டில்", மூன்றாவதில் "பாடநூலில்".
2. ஒவ்வொரு உறவுக்கும் பிள்ளைகள் வீட்டில் சொல்லும் எல்லாச் சொற்களையும் இரண்டாம் நிரலில் எழுதுங்கள். அம்மம்மா, அம்மாச்சி, மூத்தம்மா எல்லாம் அங்கே வரும்.
3. மூன்றாம் நிரலை எல்லோரும் சேர்ந்து வாசியுங்கள். பரீட்சைக்கு அது தேவை என்பதைச் சொல்லுங்கள்.
4. கொப்பியில் இரண்டு சொல்லையும் எழுத விடுங்கள். வீட்டுச் சொல்லுக்கும் சரி அடையாளம் போடுங்கள்.

வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து வரும் பிள்ளையின் பேச்சுக்கும் இதே முறைதான். வெள்ளாமை, வட்டை, போடியார் என்று பிள்ளை பேசினால் வகுப்பு சிரிக்க விடாதீர்கள். "அதைப் பற்றி இன்னும் சொல்லு" என்று கேளுங்கள். அந்தச் சொற்களைத் தமிழ் விவசாயியும் முஸ்லிம் விவசாயியும் சேர்ந்தே பயன்படுத்துகிறார்கள் என்பது பிள்ளைகளுக்கு நல்ல செய்தி.

அடிக்கடி நடக்கும் தவறு: "உன் வீட்டு மொழியில் பேசிக் காட்டு" என்று பறங்கியர் வீட்டுப் பிள்ளையையோ வேடர் வீட்டுப் பிள்ளையையோ வகுப்பின் முன்னால் நிறுத்துவது. அந்த வீடுகளில் தமிழே பேசப்படலாம். அப்படியே வேறு மொழி இருந்தாலும் பிள்ளை காட்சிப்பொருள் ஆகிவிடும். அதுவாகச் சொன்னால் ஆர்வத்தோடு கேளுங்கள், கேட்டு வாங்காதீர்கள்.

4. சமய பாடவேளையும் காலைக்கூட்டமும்

கலந்த வகுப்பில் மிகக் கடினமான நேரம் இதுதான். சைவநெறிப் பாடவேளை தொடங்குகிறது. இருபத்தைந்து பிள்ளைகள் புத்தகத்தை எடுக்கிறார்கள். பின் வாங்கில் இரண்டு கிறிஸ்தவப் பிள்ளைகள் செய்வதறியாமல் இருக்கிறார்கள். பாடசாலையில் அவர்களுக்குரிய ஆசிரியர் இல்லை. இந்த நிலையைப் படிப்படியாகத் தீருங்கள்.

1. தவணையின் முதல் வாரத்திலேயே எந்தப் பிள்ளைக்கு எந்தச் சமய பாடநூல் வேண்டும் என்று பட்டியலிட்டு அதிபரிடம் கொடுங்கள். சைவநெறி, இஸ்லாம், கத்தோலிக்க திருமறை, கிறிஸ்தவம் ஆகிய நூல்கள் தனித்தனியாக இலவசமாகக் கிடைக்கின்றன. கத்தோலிக்கப் பிள்ளைக்கும் மெதடிஸ்தப் பிள்ளைக்கும் உரிய நூல் வெவ்வேறு என்பதை மறக்க வேண்டாம்.
2. வேறு தரத்தில் அதே சமயப் பிள்ளைகள் இருந்தால் அந்தப் பாடவேளையில் அவர்களை ஒன்றுசேர்க்க முடியுமா என்று பாருங்கள். பாடசாலையில் அந்தச் சமய ஆசிரியர் ஒருவர் இருந்தால் நேர அட்டவணையை அவருக்கு ஏற்ப அமைக்கச் சொல்லுங்கள்.
3. ஆசிரியரே இல்லாவிட்டால் அதிபர் மூலம் கோட்டக் கல்வி அலுவலருக்கு எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சு கோவையில் இருக்காது.
4. அதுவரை பிள்ளைக்குத் தனி இடமும், அதன் சொந்தப் பாடநூலிலிருந்து ஒரு பக்க வேலையும் கொடுங்கள். பாடவேளை முடிந்ததும் கொப்பியைப் பார்த்துக் கையெழுத்திடுங்கள்.

செய்யக் கூடாதவை: அந்தப் பிள்ளையை வெளியே அனுப்புவது, தண்ணீர் எடுக்கவோ செய்தி கொண்டுபோகவோ பயன்படுத்துவது, "சும்மா இருந்து கேள்" என்று விடுவது.

காலைக்கூட்டத்தில் ஒரு சமய வழிபாடு நடந்தால் மற்றப் பிள்ளைகள் அமைதியாக நிற்கலாம். கைகூப்பவோ பாடவோ வற்புறுத்த வேண்டாம். சரஸ்வதி பூசையன்று வரிசையில் வரும் எல்லா நெற்றியிலும் விபூதி பூசும் வழக்கம் இருந்தால், "வேண்டியவர்கள் இந்த வரிசையில் வாருங்கள்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பூசுபவர் கையை நீட்டியபின் பிள்ளை மறுக்க வேண்டிய சங்கடத்தை அது தவிர்க்கும். ஒளிவிழாவிலும் மீலாத் விழாவிலும் இதே விதி.

5. சாப்பாடு, உடை, நோன்பு

- சத்துணவு: சமைப்பவரிடம் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: யார் சைவம், யாருக்கு ஹலால், யாருக்கு எந்த உணவு ஒவ்வாமை. இறாலும் நண்டும் வாவிக்கரையில் சாதாரணச் சாப்பாடு; சில பிள்ளைகளுக்கு அவை உடம்பில் தடிப்பையும் மூச்சுத்திணறலையும் உண்டாக்கும். இந்தப் பட்டியல் மரியாதைக்கும் பாதுகாப்புக்கும் சேர்த்துத்தான்.
- வெள்ளிக்கிழமை: சில சைவ வீடுகளில் அன்று மீன், முட்டை இல்லை. முட்டை கொடுக்கும் நாள் வெள்ளியில் விழுந்தால் மாற்ற முடியுமா என்று கேளுங்கள்.
- பகிர்ந்து உண்ணுதல்: பிள்ளைகள் தாமாகப் பகிர்வது நல்லது, கட்டாயமாக்க வேண்டாம். "அவன் தந்ததை ஏன் சாப்பிடவில்லை?" என்று கேட்டால் பிள்ளை வீட்டுக்கும் வகுப்புக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும்.
- நோன்பு: தரம் 4, 5 பிள்ளைகள் சிலர் றமழானில் ஆசையாக நோன்பு பிடித்துவிட்டு வருவார்கள். அன்று ஓட்டப்பந்தயத்தில் சேர்க்க வேண்டாம், நிழலில் இருத்துங்கள். தலைச்சுற்று, வாந்தி, மயக்கம் கண்டால் உடனே தண்ணீர் கொடுத்து வீட்டுக்கு அறிவியுங்கள். சிறு பிள்ளைக்கு நோன்பு கடமையில்லை என்பதைப் பெற்றோர் அறிவார்கள். உங்களைக் குறை சொல்ல மாட்டார்கள்.
- உடை: முஸ்லிம் பெண்பிள்ளையின் தலைமறைப்பு சீருடையின் பகுதி. விளையாட்டின்போதும் அதைக் கழற்றச் சொல்லாதீர்கள். ஊசி குத்தாத, கழுத்தில் சுற்றிச் சிக்காத வகையில் அணிவிக்கும்படி தாயிடம் சொன்னால் போதும்.

6. பண்டிகை நாட்காட்டி

ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு பெரிய தாளில் நாட்காட்டி வரையுங்கள். தைப்பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, வெசாக், நோன்புப் பெருநாள், ஹஜ்ஜுப் பெருநாள், மாமாங்கேஸ்வரர் ஆடி அமாவாசைத் தீர்த்தம், தீபாவளி, நத்தார், வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு, ஊர்த் தேவாலயப் பெருநாள் எல்லாவற்றையும் குறியுங்கள். இஸ்லாமியப் பெருநாட்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 11 நாள் முன்னால் நகரும். பழைய நாட்காட்டியைப் பார்த்து எழுதாதீர்கள்.

இந்தத் தாளால் மூன்று பயன். தவணைச் சோதனையை எவருடைய பெருநாளுக்கு மறுநாளும் வைக்க மாட்டீர்கள். சடங்குக் காலத்தில் பிள்ளை வராவிட்டால் காரணம் உங்களுக்கு முன்பே தெரியும். பண்டிகை முடிந்து பிள்ளை திரும்பி வரும் காலையில், "என்ன சமைத்தார்கள்? யார் யார் வந்தார்கள்?" என்று கேட்க முடியும்.

அடிக்கடி நடக்கும் தவறு: எல்லாப் பண்டிகையையும் வகுப்பில் "செய்து பார்ப்பது". தொழுகையையோ திருப்பலியையோ பூசையையோ நடிக்க வைக்காதீர்கள். வழிபாடு வழிபடுவோருக்குரியது. வகுப்பில் பேச வேண்டியவை உணவு, உறவினர் வருகை, புது உடுப்பு, விளையாட்டு.

7. வாவியை வைத்து ஐந்து நாள் பாட அலகு

சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகளுக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் இங்கே கிடைக்காது. வாவி எந்தச் சமூகத்துக்கும் தனிச்சொத்து அல்ல. எல்லா வீட்டிலும் அதைப் பற்றிச் சொல்ல ஏதாவது இருக்கும். இந்த அலகு தரம் 3 முதல் 5 வரை பொருந்தும்.

முதல் நாள்: வரைபடம். நிலத்தில் வெண்கட்டியால் வாவியை நீளமாக வரையுங்கள். சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, படும் பக்கம் படுவான்கரை. கடலோடு சேரும் இடங்களாகப் பாலமீன்மடுவையும் கல்லாற்றையும் குறியுங்கள். கல்லடி, மண்முனை, பட்டிருப்புப் பாலங்களைக் குச்சியால் வையுங்கள். 2014 இல் மண்முனைப் பாலம் திறக்குமுன் அங்கே எப்படிக் கடந்தார்கள் என்று கேளுங்கள். பிள்ளைகள் தங்கள் ஊர் இருக்கும் இடத்தில் போய் நிற்கட்டும்.

இரண்டாம் நாள்: வேலைகள். வாவியையும் அதன் கரையையும் நம்பி யார் என்ன செய்கிறார்கள்? மீன்பிடி, இறால், நண்டு, வெள்ளாமை, எருமைத் தயிர், பன்பாய் இழைத்தல், மீன் வியாபாரம் என்று பட்டியல் நீளும். ஒருவரது வேலை மற்றவரை எப்படிச் சேருகிறது என்று நூலால் இணைக்கச் சொல்லுங்கள். படுவான்கரைத் தயிர் காத்தான்குடிக் கடைக்கு வருகிறது. காத்தான்குடித் துணி படுவான்கரைக்குப் போகிறது. நூல் எல்லா ஊரையும் தொடும்.

மூன்றாம் நாள்: வீட்டில் கேட்டு வருதல். வீட்டிலுள்ள மூத்தவரிடம் கேட்கக் கேள்வியை நீங்களே எழுதிக் கொடுங்கள்: "வாவி மீனில் உங்களுக்குப் பிடித்தது எது? அதை எப்படிச் சமைப்பீர்கள்?" இந்தக் கேள்வி பாதுகாப்பானது. "அந்தக் காலத்தில் இங்கே என்ன நடந்தது?" என்று கேட்கச் சொன்னால் பிள்ளை ஒரு துயரத்தைத் திறந்துவிடலாம்.

நான்காம் நாள்: கரைக்குப் போதல். கீழே உள்ள பாதுகாப்பு விதிகளைப் படித்தபின் மட்டும் போங்கள். போக முடியாவிட்டால் ஒரு மீனவரை வகுப்புக்கு அழையுங்கள். வலையைக் கொண்டுவந்து கண்ணியின் அளவைக் காட்டட்டும். கண்ணியை அளப்பது நல்ல கணித வேலை.

ஐந்தாம் நாள்: பெரிய புத்தகம். ஒவ்வொரு மேசைக் குழுவும் ஒரு பக்கம் செய்யட்டும். பாடும் மீனுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள்: நிலாக் காலத்தில் கல்லடிப் பக்கம் வள்ளத்தில் போய், துடுப்பைத் தண்ணீரில் வைத்து மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பார்கள் என்பதைச் சொல்லுங்கள். பிள்ளைகள் அந்தச் சத்தத்தை எழுத்தில் எழுதிப் பார்க்கட்டும்.

கரைக்குப் போகும்போது பாதுகாப்பு

1. அதிபரின் அனுமதியும் பெற்றோரின் கையெழுத்தும் இல்லாமல் போகக் கூடாது.
2. காலை வேளையில் போய் வெயில் ஏறுமுன் திரும்புங்கள். ஐந்தாறு பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர்.
3. வாவியில் முதலை உண்டு. தண்ணீரில் காலை நனைக்கவும் விடாதீர்கள். கண்டல் மரத்தடிக்குள் போக வேண்டாம்.
4. வள்ளத்தில் ஏற்ற வேண்டாம். பாலத்தில் வாகனம் வரும் பக்கம் பெரியவர் நிற்கட்டும்.
5. சுனாமியில் உறவை இழந்த வீட்டுப் பிள்ளை தண்ணீருக்கு அருகில் வரப் பயந்தால், அதனோடு ஒரு பெரியவர் பின்னால் நிற்கட்டும். மற்றப் பிள்ளைகள் கேலி செய்ய விடாதீர்கள்.

8. உங்கள் வகுப்பில் ஒரே சமூகம் மட்டும் இருந்தால்

பக்கத்து ஊர்ப் பாடசாலையோடு உறவு தொடங்குங்கள். வரிசை முக்கியம், பலர் சந்திப்பை முதலில் வைத்துத் தோற்றுப்போகிறார்கள்.

1. இரு அதிபர்களும் முதலில் பேசட்டும். முஸ்லிம் பாடசாலைகள் பல மட்டக்களப்பு மத்தி வலயத்தில் இருப்பதால், வேறு வலயப் பாடசாலையானால் இரு வலயக் கல்வி அலுவலகங்களுக்கும் எழுத வேண்டியிருக்கும்.
2. இரு நாட்காட்டிகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முஸ்லிம் பாடசாலைகளுக்கு றமழான் விடுமுறை உண்டு. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்காக நேரத்தோடு விடும். வெள்ளியையும் நோன்பு மாதத்தையும் தவிருங்கள்.
3. முதலில் கடிதம். ஒரு பிள்ளைக்கு ஒரு பிள்ளை என்று பெயர் குறித்து, படமும் நான்கு வரியும். பதில் வந்தபின் இன்னொரு கடிதம்.
4. பிறகுதான் சந்திப்பு. இரு பக்கமும் ஏறத்தாழச் சம எண்ணிக்கையில் இருக்கட்டும். பார்த்துக் கைதட்டும் நிகழ்ச்சியாக இல்லாமல், சேர்ந்து செய்யும் வேலையாக இருக்கட்டும். வாவிப் பெரிய புத்தகத்தை அந்த நாளில் முடிக்கலாம்.
5. விளையாட்டாக ஒன்று வேண்டுமானால் கம்பாட்டம் நல்லது. தமிழ் ஊர்களில் பிள்ளைகள் ஆடும் வசந்தன் கூத்திலும், முஸ்லிம் ஊர்களின் களிகம்பிலும் கம்பைத் தாளத்துக்குத் தட்டி ஆடுகிறார்கள். இரு ஊர் அண்ணாவியாரும் தலா ஒரு அடியைச் சொல்லிக்கொடுக்கட்டும்; பிள்ளைகள் கலந்து நின்று ஆடட்டும். கம்பு முகத்தில் படாதபடி ஒரு கைநீளம் இடைவெளி விடுங்கள். பாட்டில் சமயத் துதி வராமல் தாளத்தை மட்டும் எடுங்கள்.
6. சந்திப்புக்குப் பின்னும் ஒரு கடிதம் போக வேண்டும். அது இல்லாவிட்டால் அந்த நாள் சுற்றுலாவாக மறந்துபோகும்.

வேடர் பிள்ளைகள் படிக்கும் வாகரைப் பக்கப் பாடசாலை ஒன்றோடு உறவு வைத்தால், அவர்களை "பழைய காலத்து மனிதர்" என்று உங்கள் வகுப்புக்கு அறிமுகப்படுத்தாதீர்கள். அவர்களும் இதே தரத்தில், இதே பாடநூலைப் படிக்கும் பிள்ளைகள். தேன் எடுக்கவும் மீன்பிடிக்கவும் தெரிந்த குடும்பங்களிலிருந்து வருகிறார்கள் என்பது மதிப்பாகச் சொல்ல வேண்டிய செய்தி.

9. ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையை இழிவாகச் சொன்னால்

சமூகத்தின் பெயரையோ சாதியின் பெயரையோ வசையாக்கிய சொல் ஒன்று வகுப்பில் விழுகிறது. உடனே செய்ய வேண்டியவை:

1. பாடத்தை நிறுத்துங்கள். குரலை உயர்த்தாமல், "இந்த வகுப்பில் அந்தச் சொல்லுக்கு இடமில்லை" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லுங்கள். அந்தச் சொல்லை நீங்கள் திரும்பச் சொல்ல வேண்டாம்.
2. பாதிக்கப்பட்ட பிள்ளையின் அருகில் முதலில் போங்கள். அழுதால் எல்லோர் முன்னிலையிலும் ஆறுதல் சொல்லாமல், வேறு வேலை கொடுத்து அருகில் வைத்துக்கொள்ளுங்கள்.
3. சொன்ன பிள்ளையை இடைவேளையில் தனியாகக் கூப்பிட்டு, "அதை எங்கே கேட்டாய்?" என்று கேளுங்கள். பெரும்பாலும் பெரியவர் வாயிலிருந்து வந்ததாகவே இருக்கும். அடிக்க வேண்டாம், முழந்தாளில் நிறுத்த வேண்டாம்.
4. கட்டாயப்படுத்தி மன்னிப்புக் கேட்கவோ கட்டிப்பிடிக்கவோ வைக்காதீர்கள். இருவருக்கும் சேர்ந்து செய்யும் சிறு வேலை ஒன்றைச் சில நாள் கழித்துக் கொடுங்கள்.
5. திகதியையும் நடந்ததையும் எழுதி வையுங்கள். மீண்டும் நடந்தால் இரு வீட்டாரையும் வெவ்வேறு நேரத்தில் அழையுங்கள். ஒரே அறையில் இருத்தினால் பிள்ளைகளின் சண்டை ஊர்ச் சண்டையாகலாம்.

10. துயர நாட்களும் பிள்ளைப் பாதுகாப்பும்

இந்தக் கரையில் பல குடும்பங்கள் யுத்தத்திலும் 2004 டிசம்பர் 26 சுனாமியிலும் உறவுகளை இழந்தன. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்புச் சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்பில் பிள்ளைகள் பலர் இறந்தார்கள். அதன்பின் கிறிஸ்தவப் பிள்ளைகள் துயரத்தோடும், முஸ்லிம் பிள்ளைகள் தங்களைச் சந்தேகத்தோடு பார்ப்பார்களோ என்ற அச்சத்தோடும் பாடசாலைக்கு வந்தார்கள். இரு தரப்புப் பிள்ளைகளையும் காப்பது ஆசிரியரின் கடமை.

- "என்ன நடந்தது என்று வரை", "உன் அனுபவத்தைச் சொல்" என்ற வேலைகளைக் கொடுக்க வேண்டாம். தானாகச் சொன்னால் கேளுங்கள்; மேலும் கேள்வி கேட்காதீர்கள்.
- நினைவு நிகழ்வு இருந்தால் முதல் நாளே வீட்டுக்கு அறிவியுங்கள். பிள்ளை வராமல் விடவும் உரிமை உண்டு.
- ஒரு சமூகத்தைக் குற்றவாளியாக்கும் பேச்சை, அது விருந்தினர் பேச்சானாலும், மரியாதையாக நிறுத்துங்கள்.
- பிள்ளைகளின் சமயத்தைக் காட்டும் படங்களை முகநூலில் போடாதீர்கள். நல்லெண்ணத்தில் போட்ட படத்துக்கும் கெட்ட கருத்துகள் வரும்.
- பிள்ளைக்கு வீட்டிலோ வெளியிலோ கொடுமை நடக்கிறது என்ற ஐயம் வந்தால், "அது அவர்கள் வழக்கம்" என்று விட்டுவிடாதீர்கள். அதிபரிடம் சொல்லுங்கள், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அழையுங்கள். எந்தப் பண்பாடும் பிள்ளையை அடிப்பதற்கு அனுமதிச்சீட்டு அல்ல.

தவணை முடிவில் உங்களுக்கான கேள்விகள்

1. ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் அதன் வீட்டார் சொல்கிறபடி சொல்கிறேனா?
2. இந்தத் தவணையில் ஒருமுறைகூடக் கைதூக்காத பிள்ளைகள் யார்? அவர்கள் ஒரே சமூகத்தையோ ஒரே ஊரையோ சேர்ந்தவர்களா?
3. விளக்குமாறு யார் கையில் அதிகம் இருந்தது?
4. சமய பாடவேளையில் எல்லாப் பிள்ளைக்கும் புத்தகமும் வேலையும் இருந்தனவா?
5. பெற்றோர் கூட்டத்துக்கு எந்த வீட்டார் வரவேயில்லை? அவர்களுக்கு ஏற்ற நேரத்தைக் கேட்டேனா?

எல்லாவற்றையும் ஒரே தவணையில் செய்ய முடியாது. மூன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இடாப்பில் கூப்பிடும் பெயர் நிரல், எழுதி ஒட்டிய துப்புரவு முறை, மாதாந்த இருக்கை மாற்றம் ஆகியவற்றைத் தொடங்குங்கள். மூன்றுக்கும் சேர்த்து ஒரு தாளும் ஒரு பென்சிலும் போதும்; திங்கட்கிழமை முதல் பாடவேளைக்கு முன்பே முடித்துவிடலாம்.